கவனமின்மை எனப் பெயர் பெறும் பார்வைக் குறைகள்

குழந்தை ஏன் முறையிடுவதில்லை

பெரியவர் ஒருவருக்குப் பார்வை மங்கினால், முன்பு தெளிவாகத் தெரிந்தது இப்போது தெரியவில்லை என்று ஒப்பிட்டுச் சொல்ல அவரிடம் பழைய பார்வையின் நினைவு இருக்கிறது. பிறந்தது முதலே மங்கலாகப் பார்த்துவரும் குழந்தைக்கோ அப்படி ஒப்பிட எதுவும் இல்லாததால், எல்லோருக்கும் உலகம் இப்படித்தான் தெரிகிறது என்றே அது எண்ணிக்கொள்கிறது. ஆகவே, சிறு குழந்தை தன் கண்ணில் குறை இருப்பதாகத் தானே வந்து சொல்வது அரிது. குறை நடத்தையின் வழியாகவே வெளிப்படுகிறது. கரும்பலகையைப் பார்த்து எழுத முடியாத மாணவன் பக்கத்தில் இருப்பவனின் நோட்டைப் பார்த்து எழுதி, காப்பியடித்ததாகத் திட்டு வாங்குகிறான். வாசிக்கும்போது ஒரு வரியை விட்டு அடுத்த வரிக்குத் தாவும் சிறுமி அக்கறையில்லாதவள் எனப்படுகிறாள். சிறிது நேரம் படித்ததும் தலை வலிக்கிறது என்று எழுந்துவிடும் பிள்ளை சாக்குச் சொல்வதாகக் கருதப்படுகிறது. வரும் பந்தின் தொலைவைக் கணிக்க இயலாதவன் விளையாட்டில் சேர்க்கப்படாமல் ஒதுங்கி நின்று, கூச்ச சுபாவக்காரன் என்று பெயர் பெறுகிறான். இவை ஒவ்வொன்றும் குழந்தையின் குணத்தைப் பற்றிய முடிவான தீர்ப்பாக நிலைத்துவிடுவதால், கண்ணைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே வீட்டிலும் பள்ளியிலும் எழாமல் போகிறது என்பதுதான் இதில் மிகவும் வருந்தத்தக்கது.

எழுத்துப் பலகையில் சிக்காத தூரப்பார்வை

பார்வைக் குறைகளுள் கிட்டப்பார்வை ஓரளவு எளிதில் பிடிபடுகிறது. அருகில் உள்ளவை தெளிவாகவும் தொலைவில் உள்ளவை மங்கலாகவும் தெரியும் அக்குறையில், கரும்பலகையும் பேருந்தின் பெயர்ப்பலகையும் தெரியாமல் போவதால், பிறர் அதை விரைவில் கவனித்துவிடுகிறார்கள். தூரப்பார்வை அத்தகையதன்று. விழிக்கோளம் இயல்பைவிடக் குட்டையாக இருப்பதால் ஒளிக்கதிர்கள் விழித்திரைக்குப் பின்னால் குவியும் இக்குறையை, இளம் வயதில் கண் தானே சரிசெய்துகொள்ளும் வல்லமை பெற்றிருக்கிறது. விழிலென்ஸைச் சூழ்ந்துள்ள சிலியரித் தசை சுருங்கும்போது லென்ஸ் தடித்து, அதன் குவிக்கும் திறன் கூடுகிறது. விழி ஏற்பமைவுத் திறன் எனப்படும் இது, பத்து வயதுக் குழந்தையிடம் ஏறத்தாழ 12 முதல் 15 டயாப்டர் வரை இருக்கிறது. டயாப்டர் என்பது லென்ஸின் திறனை அளக்கும் அலகு. பேச்சு வழக்கில் 'பவர்' என்று குறிப்பிடப்படுவது இதுவே.

பார்வைக் குறை இல்லாத, அதாவது நேர்ப்பார்வையுள்ள, குழந்தை 33 செண்டிமீட்டர் தொலைவில் புத்தகத்தைப் பிடித்துப் படிக்க 3 டயாப்டர் செலவிட்டால் போதும். 4 டயாப்டர் தூரப்பார்வை உள்ள குழந்தையோ, தொலைவில் இருப்பதைத் தெளிவாகப் பார்க்கவே 4 டயாப்டரைச் செலவிட்டுவிட்டு, புத்தகத்துக்காக மேலும் 3 சேர்த்து 7 டயாப்டரைத் தொடர்ந்து செலவிட வேண்டியிருக்கிறது. தன் முழுத்திறனில் பாதியளவைத்தான் கண் சலிப்பின்றி நெடுநேரம் தாங்கும் என்பது கண் பரிசோதகர்களிடையே நீண்டகாலமாக வழங்கிவரும் கணக்கு என்பதால், இக்குழந்தை வாசிப்பின் ஒவ்வொரு நிமிடமும் அந்த எல்லையின் விளிம்பிலேயே நிற்கிறது. முதல் பத்தியை நன்றாகப் படித்துவிட்டு மூன்றாம் பத்தியில் தடுமாறுவது, காலையில் ஒழுங்காகவும் மாலையில் எரிச்சலோடும் இருப்பது, கதை கேட்பதில் ஆர்வம் காட்டிவிட்டு அதே கதையைப் புத்தகத்தில் படிக்கச் சொன்னால் முரண்டு பிடிப்பது ஆகியவற்றுக்கெல்லாம் இந்தத் தசைக் களைப்பு காரணமாக இருக்கக்கூடும்.

அமெரிக்காவில் நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஓர் ஆய்வு, 3 முதல் 6 டயாப்டர் வரையிலான தூரப்பார்வை இருந்தும் கண்ணாடி அணியாதவர்களை நேர்ப்பார்வையுள்ளவர்களோடு ஒப்பிட்டது. 4 டயாப்டரும் அதற்கு மேலும் உள்ளவர்களும், அதற்குக் குறைவாக இருந்தும் அருகுப் பார்வைச் செயல்பாடு தளர்ந்தவர்களும், முன்பருவ எழுத்தறிவுத் தேர்வில், குறிப்பாக அச்செழுத்துகளை இனங்காணும் பகுதியில், பின்தங்கியிருந்தனர். முறையான பள்ளிப்படிப்பு தொடங்குவதற்கு முன்பே இடைவெளி உருவாகிவிடுகிறது என்பதே அந்த ஆய்வு காட்டும் கவலைக்குரிய உண்மை.

ஒரு கண் ஒதுக்கப்படும்போது

இரு கண்களில் ஒன்று மட்டும் குறையுடையதாக இருக்கும்போது, மூளை தெளிவான கண்ணின் காட்சியை ஏற்றுக்கொண்டு மங்கலான கண்ணின் காட்சியைப் படிப்படியாகப் புறக்கணிக்கிறது. அதனால் வளர்ச்சி தடைப்பட்ட கண்ணைச் 'சோம்பேறிக் கண்' என்று மருத்துவர்கள் குறிப்பிடுகின்றனர். கண்ணின் அமைப்பில் பழுது ஏதும் இல்லாதபோதும், அக்கண்ணிலிருந்து வரும் செய்தியைப் படிக்க மூளை கற்றுக்கொள்ளாததே இங்குள்ள சிக்கல். டேவிட் ஹூபெல், டார்ஸ்டன் வீசல் ஆகிய ஆய்வாளர்கள் 1960களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண் இமையை மூடிவைத்துச் செய்த சோதனைகளில், பிறந்த சில வாரங்களுக்குள் மூடப்பட்ட கண்ணுக்கு மூளையின் பார்வைப் பகுதி செல்கள் பின்னர் ஏறத்தாழ முற்றிலும் பதிலளிக்காமல் போனதும், வளர்ந்த பூனையின் கண்ணை அதேபோல் மூடியபோது அத்தகைய பாதிப்பு நேராததும் தெரியவந்தன. பார்வை பயிற்சியால் வளர்வது, அப்பயிற்சிக்கு உரிய பருவம் ஒன்று உண்டு என்பதை நிலைநாட்டிய இவ்விருவரும் 1981ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

நல்ல கண் எல்லா வேலையையும் செய்துவிடுவதால், சோம்பேறிக் கண் உள்ள குழந்தை ஓடியாடித் திரியும், எழுதும், படிக்கும். ஆழத்தை உணர இரு கண்களும் இணைந்து இயங்க வேண்டியிருப்பதால், படியிறங்கத் தயங்குவது, தண்ணீரை டம்ளருக்கு வெளியே ஊற்றுவது, வரைகோட்டுக்குள் வண்ணம் தீட்ட முடியாமல் திணறுவது போன்ற சிறு தடுமாற்றங்களாகவே அக்குறை வெளிப்படலாம். வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்க எளிய சோதனை ஒன்று உண்டு: குழந்தை தனக்குப் பிடித்த ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு கண்ணையும் பின்னர் மற்றதையும் உள்ளங்கையால் மறைத்தால், ஏதேனும் ஒரு கண்ணை மறைக்கும்போது மட்டும் அது அழுது கையைத் தள்ளிவிடுமானால், மறைக்கப்படாத கண்ணில் பார்வை குறைவாக இருக்கலாம் என்று ஐயப்பட இடமிருக்கிறது.

மாறுகண் அதிர்ஷ்டம் தரும் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் இன்னமும் முற்றாக மறையவில்லை. ஆறு மாத வயதுக்குப் பிறகும் நிலைத்திருக்கும் மாறுகண் சோம்பேறிக் கண்ணுக்கு முக்கியமான காரணங்களுள் ஒன்று. சில வேளைகளில் விழித்திரைப் புற்றுநோயின் முதல் அடையாளமாகவும் அது தோன்றும். அதை அதிர்ஷ்டம் என்று விட்டுவைக்கும் குடும்பம், குழந்தையின் ஒரு கண்ணையே விலையாகக் கொடுக்க நேரிடலாம்.

சோம்பேறிக் கண்ணுக்கான சிகிச்சை எளிமையானது. உரிய கண்ணாடியோடு, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் ஒட்டுப்பட்டையால் மூடி வைத்து, பலவீனமான கண்ணை வேலை செய்யவைக்கிறார்கள். மிதமான குறையுள்ள, ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஒரு நாளில் இரண்டு மணி நேரம் மூடுவது ஆறு மணி நேரம் மூடுவதற்கு இணையான பயனைத் தருவதாக 2003இல் ஓர் ஆய்வு காட்டியது. ஏழு வயதைத் தாண்டினால் பயனில்லை என்ற பழைய கருத்தும் தளர்ந்துவிட்டது. 2005இல் வெளியான ஆய்வில், கண்ணாடியோடு இத்தகைய சிகிச்சையும் பெற்ற ஏழு முதல் பன்னிரண்டு வயதுக் குழந்தைகளில் பாதிப்பேருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் ஏற்பட்டது. எனினும் வயது குறையக் குறையப் பலன் கூடுகிறது என்பதில் மாற்றமில்லை.

அருகில் குவியாத கண்களும் கவனக் கோளாறும்

அருகிலுள்ள எழுத்தை நோக்கும்போது இரு கண்களும் ஒருசேர மூக்கை நோக்கி உட்புறம் திரும்ப வேண்டும். இத்திருப்பம் போதிய அளவு நிகழாததைக் குவிவுக் குறைபாடு எனலாம். இக்குறை உள்ள பிள்ளைக்கு எழுத்துகள் இரண்டாகத் தெரிவதும், ஒன்றன்மேல் ஒன்று நகர்வதும், படித்த வரியையே மீண்டும் படிக்க நேர்வதும் உண்டு. ஒவ்வொரு கண்ணின் பார்வையும் தனித்தனியே இயல்பாக இருக்கும் என்பதால், கண் பரிசோதனைக்கான வழக்கமான எழுத்துப் பலகையில் இது தென்படாது.

ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறை மதிப்பிடும் வினாப் பட்டியல்களில், பாடவேலையை முடிக்காமல் விடுதல், கவனமின்றிப் பிழை செய்தல், நீண்ட கவனம் தேவைப்படும் வேலையைத் தவிர்த்தல் ஆகியவை இடம்பெறுகின்றன. குவிவுக் குறைபாடு உள்ள பிள்ளையும் இவையனைத்தையும் செய்யக்கூடும். அமெரிக்காவின் தேசியக் கணக்கெடுப்பு ஒன்றில் இடம்பெற்ற 75,000க்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களை ஆராய்ந்து 2016இல் வெளியான கட்டுரை, கண்ணாடியால் சரிசெய்ய முடியாத பார்வைச் சிக்கல் உள்ளவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கும், அச்சிக்கல் இல்லாதவர்களில் 8.3 விழுக்காட்டினருக்கும் ஏ.டி.எச்.டி. இருப்பதாகப் பெற்றோர் தெரிவித்திருந்ததைக் காட்டியது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று இதிலிருந்து முடிவுகட்ட இயலாது. ஏ.டி.எச்.டி. உண்மையான கோளாறு, கண் சரியானால் அது மறைந்துவிடும் என்று நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதும் தவறே. கண்ணைப் பார்க்காமல் அந்தப் பெயரைச் சூட்டுவது மட்டும் ஏற்கத்தக்கதன்று.

கண்ணாடியால் ஆவதும் ஆகாததும்

அமெரிக்காவின் பால்டிமோர் நகரப் பள்ளிகளில் கண்ணாடி தேவைப்பட்ட மாணவர்களுக்குப் பள்ளியிலேயே பரிசோதனை செய்து இலவசமாகக் கண்ணாடி வழங்கும் திட்டம் 2016இல் தொடங்கியது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து 2021இல் வெளியான ஆய்வு, முதல் ஆண்டில் வாசிப்புத் தேர்ச்சி உயர்ந்ததையும், வகுப்பில் மிகவும் பின்தங்கியிருந்தவர்களும் சிறப்புக் கல்வி பெற்றுவந்தவர்களுமே மிகுந்த பயன் அடைந்ததையும் பதிவு செய்தது. கற்க இயலாதவர்கள் என்று தனி வகுப்புக்கு அனுப்பப்பட்டவர்களுள் சிலருக்கு முதலில் தேவைப்பட்டது கண்ணாடி என்பதை இது உணர்த்துகிறது. இரண்டாம் ஆண்டில் அந்த உயர்வு நிலைக்கவில்லை என்பதையும் அதே ஆய்வு மறைக்கவில்லை. உடைந்த கண்ணாடியை மாற்றுவதும், பவர் மாறும்போது புதுப்பிப்பதும், நாள்தோறும் அணியவைப்பதும் இல்லாமல், ஒருமுறை கொடுத்த கண்ணாடி ஒரு பிள்ளையின் கல்வியை நெடுந்தொலைவு கொண்டுசெல்லாது.

டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடு, மொழியின் ஒலிகளை எழுத்தோடு இணைப்பதில் மூளைக்கு ஏற்படும் தடுமாற்றம். அது கண் நோயன்று. கண் பயிற்சிகளோ வண்ணக் கண்ணாடிகளோ அதைத் தீர்க்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் கண் மருத்துவ அமைப்புகளும் 2009இல் கூட்டாக அறிவித்தன. குவிவுக் குறைபாட்டைப் பயிற்சியால் தணிக்கலாம் என்று 2008இல் உறுதியான போதிலும், அப்பயிற்சி வாசித்துப் பொருளுணரும் திறனைப் போலிப் பயிற்சியைவிடக் கூடுதலாக உயர்த்தவில்லை என்று 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. பின்தங்கும் பிள்ளையைப் பெற்றவர்களின் தவிப்பைப் பயன்படுத்தி, எல்லாவற்றுக்கும் கண் பயிற்சியே மருந்து என்று விலை உயர்ந்த தொகுப்புகளை விற்பவர்களிடம் பெற்றோர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

பள்ளிப் பரிசோதனையின் எல்லை

தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளின் கண்களைப் பரிசோதித்து இலவசக் கண்ணாடி வழங்கும் 'கண்ணொளி காப்போம்' திட்டம் 2009இல் தொடங்கப்பட்டது. 2013 முதல் ஆர்.பி.எஸ்.கே. எனப்படும் மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ், நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் சென்று குழந்தைகளைப் பரிசோதிக்கும் ஏற்பாடும் உள்ளது. இவற்றால் கண்டறியப்பட்ட குறைகள் ஏராளம். ஏழைப் பிள்ளைகளுக்கு இவை பேருதவி.

ஆயினும் பள்ளியில் பெரும்பாலும் அளக்கப்படுவது தொலைவுப் பார்வை மட்டுமே. உட்ரெக்ட் நகர மருத்துவர் ஹெர்மன் ஸ்நெல்லன் 1862இல் வெளியிட்ட எழுத்துப் பலகையின் வழிவந்த பலகையை 6 மீட்டர் தொலைவில் வைத்து, இயல்பான கண் 6 மீட்டரில் படிக்கும் வரியைக் குழந்தையும் படித்தால் 6/6 என்று குறிக்கிறார்கள். தசையை இறுக்கிச் சமாளிக்கும் தூரப்பார்வைக் குழந்தையும், குவிவுக் குறைபாடுள்ள குழந்தையும் இதில் தேறிவிடும்; விரல் இடுக்கில் எட்டிப் பார்க்கும் சோம்பேறிக் கண் குழந்தையும், முன்னால் நின்றவன் சொன்னதைக் கேட்டு ஒப்பிக்கும் குழந்தையும்கூடத் தேறிவிடும். குழந்தையின் கண்முன் +2 டயாப்டர் லென்ஸை வைத்து, அப்போதும் தொலைவு வரியைத் தெளிவாகப் படித்தால் தூரப்பார்வை இருக்கலாம் என்று ஐயப்படும் எளிய முறை ஒன்று உண்டு. இதனைப் பள்ளிப் பரிசோதனையில் சேர்ப்பதற்கு அதிகச் செலவு பிடிக்காது.

உறுதியான முடிவுக்கு, சிலியரித் தசையைத் தளரச் செய்யும் சொட்டு மருந்தை விட்டு, ரெட்டினாஸ்கோப் என்னும் கருவியால் கண்ணுக்குள் ஒளியைச் செலுத்தி, திரும்பிவரும் ஒளியின் அசைவைக் கொண்டு பவரை அளக்க வேண்டும். குழந்தை வாய்திறந்து பதில் சொல்லத் தேவையில்லை என்பதால் கைக்குழந்தைக்கும் இது செய்யப்படுகிறது. மருந்தின் வகையைப் பொறுத்து ஒரு நாள் முதல் ஒன்றிரண்டு வாரம் வரை அருகிலுள்ளவை மங்கலாகத் தெரியும் என்பதால் பெற்றோர் பலர் இதை மறுத்துவிட்டு, கண்ணாடிக் கடையின் 'கம்ப்யூட்டர் டெஸ்ட்' போதும் என்று திரும்பிவிடுகிறார்கள். மருந்து விடாமல் கருவியால் அளக்கும்போது குழந்தையின் தசை இறுகியே இருப்பதால், இல்லாத கிட்டப்பார்வை இருப்பதாகவும், இருக்கும் தூரப்பார்வை இல்லாததாகவும் காட்டக்கூடும்.

காத்திருக்கக் கூடாத குழந்தைகள்

கண்ணின் பாவையில், குறிப்பாகப் புகைப்படங்களில், வெண்மை தெரியும் குழந்தையை உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். அது பிறவிக் கண்புரையாகவோ விழித்திரைப் புற்றாகவோ இருக்கலாம். கர்ப்பத்தின் 34 வாரங்கள் நிறைவதற்கு முன்னர் பிறந்த அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த எடையுடன் பிறந்த குழந்தையின் விழித்திரையைப் பிறந்த ஒரு மாதத்துக்குள் பரிசோதிப்பது அவசியம். நெருங்கிய உறவில் மணந்தவர்களின் குழந்தைகளுக்கும், பெற்றோரோ உடன்பிறந்தவரோ சிறு வயதிலேயே கண்ணாடி அணிந்த குழந்தைகளுக்கும், புகார் ஏதும் இல்லாவிட்டாலும் மூன்று வயதுக்குள் முழுப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது.

கண்ணாடி அணிந்தால் பவர் ஏறும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை. 'சோடாபுட்டி' என்ற கேலிக்கு அஞ்சிக் கண்ணாடியைப் பையில் ஒளித்துவைக்கும் பிள்ளைக்கு ஆசிரியரின் ஒரு சொல் பெரும் துணையாகும். பெண் பிள்ளைக்குக் கண்ணாடி போட்டால் பின்னாளில் வரன் அமையாது என்று தயங்கும் பெற்றோரிடம் பேசுவதும் ஆசிரியருடைய கடமையைச் சேர்ந்ததே. மந்தம், சோம்பல், கவனமின்மை என்ற சொற்களை ஒரு பிள்ளையின் பெயரோடு சேர்க்கும் முன்பும், அதைத் தனி வகுப்புக்கோ மனநல ஆலோசனைக்கோ அனுப்பும் முன்பும், சொட்டு மருந்து விட்டுச் செய்த முழுக் கண் பரிசோதனையின் அறிக்கையைக் கேட்டுப் பெறுவதைப் பள்ளிகள் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகளின் கண் பிரிவில் அந்தப் பரிசோதனைக்குக் கட்டணம் எதுவும் இல்லை.