லபுபு பொம்மை வாங்கி வெச்சா லாபமா? போலியும் புது டெக்னாலஜியும் விலையை எப்படி மாத்துது?

சீனத் தலைநகர் பெய்ஜிங்கில் 2025 ஜூனில் நடந்த ஏலத்தில், ஆள் உயர லபுபு பொம்மை ஒன்று 10.8 லட்சம் யுவானுக்கு விலை போனது. நம்ம ஊர் மதிப்பில் ஒரு கோடி ரூபாய்க்கும் மேல்! அப்போ இதை வாங்கி வெச்சா பிற்காலத்தில் காசு பார்க்கலாமா? அவ்வளவு ஈஸி இல்லை.

போலியால் அசலுக்கு என்ன நஷ்டம்?

லபுபுவின் போலிகளுக்கு 'லஃபுஃபு' என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. இவற்றால் குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் ஆபத்து இருப்பதாக அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 ஆகஸ்டில் எச்சரித்தது.

போலி பெருகினால், செகண்ட் ஹேண்டில் வாங்குபவருக்கு "இது ஒரிஜினலா?" என்ற சந்தேகம் வரும். சந்தேகம் வந்தாலே விலையைக் குறைத்துத்தான் கேட்பார். தயாரிப்பு நிறுவனமான பாப் மார்ட், பெட்டியில் ஹாலோகிராம் ஸ்டிக்கர், கியூஆர் கோடு ஒட்டுகிறது. ஆனால் போலி தயாரிப்பவர்கள் அதையும் காப்பி அடிக்கிறார்கள்.

டெக்னாலஜி என்ன செய்யுது?

1978-ல் கென்னர் நிறுவனம் வெளியிட்ட ஸ்டார் வார்ஸ் பொம்மைகளில் 'ஜாவா' ஒன்று. முதலில் வினைல் மேலங்கியோடு வந்தது, சீக்கிரமே துணி மேலங்கிக்கு மாறியது. அதனால் வினைல் ஜாவாவுக்கு இன்று மவுசு அதிகம். விலையில் மொத்த வித்தியாசமும் அந்தச் சின்ன மேலங்கியில்தான். போலிக்காரர்கள் குறிவைப்பதும் அதைத்தான்.

இப்போது ஸ்கேனர், 3டி பிரிண்டர் இருந்தால் தொலைந்துபோன துப்பாக்கி, வாள் போன்ற குட்டி பாகங்களையும் வீட்டிலேயே செய்துவிடலாம். அதனால்தான் பழைய பொம்மைகளை ஆய்வு செய்து, தர மதிப்பெண் கொடுத்து, பெட்டியில் சீல் வைக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. அந்தச் சான்று உள்ள பொம்மைக்கு மார்க்கெட்டில் நம்பிக்கை அதிகம்.

போலி மட்டும்தான் பிரச்சினையா?

இல்லை. 2025 ஜூனில் பாப் மார்ட் சீனாவில் லபுபுவை அதிக அளவில் விற்பனைக்கு விட்டதும், மறுவிற்பனை விலை சரசரவென இறங்கியது. எல்லாருக்கும் கிடைக்கும் பொருளுக்கு யாரும் கூடுதல் விலை தரமாட்டார்கள். அதோடு, வெயில் பட்டால் பிளாஸ்டிக் மஞ்சளாகும், நிறமும் மங்கும்.

வாங்குபவர்கள் என்ன செய்யணும்?

அதிகாரப்பூர்வ கடையில் வாங்குங்க. பில், பெட்டி இரண்டையும் பத்திரமா வைங்க. மார்க்கெட் விலையைவிட ரொம்ப குறைவா கிடைச்சா உஷாராகுங்க. முக்கியமா, பிடிச்சிருந்தா மட்டும் வாங்குங்க. விலை ஏறாவிட்டாலும் பொம்மையாவது மிஞ்சும்.