மின்சாரத்தால் இரை தேடும் மீன்

யானைமூக்கு மீனின் முகத்தில் தும்பிக்கைபோல் நீண்டிருப்பது அதன் கீழ்த்தாடை. மேற்கு ஆப்பிரிக்காவிலும் நடு ஆப்பிரிக்காவிலும் மெதுவாக ஓடும் கலங்கல் ஆறுகளின் அடிமணலை, இரவில் இந்தத் தாடையால் துழாவிப் புழு பொறுக்கும். வீட்டுத் தொட்டிகளில் குஞ்சு பொரிப்பது மிக அரிது என்பதால், கடைக்கு வருபவை பெரும்பாலும் ஆற்றில் பிடித்தவையே.

வாலின் அடியிலுள்ள ஓர் உறுப்பு மெல்லிய மின்துடிப்புகளை ஓயாமல் வெளியிடுகிறது. தொட்டிக்குள் கையை விட்டால் நமக்கு ஒன்றும் தெரியாது, அவ்வளவு மெலிந்தவை. ஒவ்வொரு துடிப்பிலும் மீனைச் சுற்றி ஒரு மின்புலம் எழுகிறது. உயிருள்ள புழு ஆற்றுநீரைவிட நன்றாக மின்சாரத்தைக் கடத்தும், கல் கடத்தாது. ஆகவே புழுவின் அருகே புலம் ஒருவிதமாகவும் கல்லின் அருகே வேறுவிதமாகவும் கோணுகிறது. அந்தக் கோணலை அறியும் உணர்விகள் தோலில் பரவியுள்ளன. தாடை நுனியில் மிக நெருக்கமாக உள்ளன. கும்மிருட்டிலும் மணலுக்குள் இருக்கும் புழு அதற்குத் தப்பாது. சக மீனோடு பேசுவதும் இதே துடிப்புகளால்தான். நீரில் இரண்டு கம்பிகளை விட்டு ஒலிபெருக்கியோடு இணைத்தால் அந்தப் பேச்சு படபடவென நம் காதுக்கே கேட்கும். அற்புதமான அனுபவம் அது.

இத்தனையையும் அலசும் மூளை, உடல் எடையில் ஏறத்தாழ 3 விழுக்காடுதான். ஆனால் உடல் செலவிடும் ஆக்சிஜனில் 60 விழுக்காட்டை அதுவே எடுத்துக்கொள்வதாக ஆய்வாளர் யோரான் நில்சன் 1996இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. மனிதரில் இது 20 விழுக்காடு. ஆகவே காற்றுக்குழாய் நின்றுபோன தொட்டி இந்த மீனுக்கு ஆகாது.

வளர்ப்பவர்கள் அதிகம் தவறுவது தரையில்தான். அழகுக்காகக் கொட்டும் கூர்மையான சரளைக்கல் தாடையைக் கிழித்துவிடும். பிறகு இரை தேடவே முடியாது. நுண்மணல் போடுங்கள், வெளிச்சத்தைக் குறையுங்கள், பகலில் ஒளிய ஒரு குழாயோ குடைவான மரக்கட்டையோ வையுங்கள். வெப்பம் 24 முதல் 28 டிகிரி வரை இருக்கலாம். மூடி இறுக்கமாக இருக்கட்டும், துள்ளி வெளியே விழும். செம்பு கலந்த மருந்து வேண்டாம்.

உருண்டைத் தீவனத்தைப் பெரும்பாலும் சீண்டாது. ரத்தப்புழு, டியூபிஃபெக்ஸ் புழு போன்றவற்றை விளக்கணைத்த பின் போட வேண்டும். துடியான மீன்கள் உடனிருந்தால் இதற்கு மிஞ்சாது.

இருபது சென்டிமீட்டருக்கு மேல் வளரும். ஒன்றை மட்டும் வளர்க்கலாம். மிகப் பெரிய தொட்டி இருந்தால் ஐந்தாறாக விடலாம். இரண்டு மூன்று மட்டும் விட்டால் வலுவானது மெலிந்ததை விரட்டி விரட்டியே கொன்றுவிடும்.