மேற்கோள் கணக்குக்கு முந்திப் பிறக்கும் ஆராய்ச்சி

நோய் எதிர்ப்பியலில் ஆய்வு செய்யும் ஒருவருக்கு வேலையோ, பதவி உயர்வோ, ஆராய்ச்சி நிதியோ கொடுப்பதற்கு முன் தேர்வுக் குழு பார்ப்பது மூன்று எண்களை: எத்தனை கட்டுரைகள், எத்தனை மேற்கோள்கள், இவ்விரண்டையும் இணைத்துக் கணிக்கும் எச்-இன்டெக்ஸ் எவ்வளவு. இந்த எண்கள் பொய்யல்ல. ஆனால், ஒரு கட்டுரையைச் சக ஆய்வாளர்கள் எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்பதைத்தான் அவை காட்டும். அதில் எவ்வளவு புதிய அறிவு இருந்தது என்பதைக் காட்டாது. அறிவியல் உலகிலேயே மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை 1951-ல் வெளியானது. கரைசலில் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் முறையை அது விளக்குகிறது. உயிர்வேதியியல் கூடங்களில் அன்றாடம் தேவைப்படும் முறை என்பதால் மேற்கோள்கள் 3 லட்சத்தைத் தாண்டின. அது அப்படியொன்றும் பெரிய கட்டுரை அல்ல என்று அதை எழுதியவரே பின்னர் சொல்லியிருக்கிறார்.

எதிர்த்திசையில் நடந்ததுதான் அதிகம் யோசிக்க வைக்கிறது. 1973-ல் நியூயார்க்கில் ஆய்வாளர்கள் எலியின் மண்ணீரலில் ஒரு புது வகை செல்லைக் கண்டு சொன்னார்கள். அதன் கிளைத்த வடிவத்தால் டென்ட்ரிடிக் செல் என்று பெயரிட்டார்கள். நோய்க்கிருமியின் அடையாளத்தை டி-செல்களுக்குக் காட்டிக் கொடுத்து எதிர்ப்பைத் தொடங்கி வைப்பது இதுவே என்று இன்று மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்கள். அன்று துறையில் பலர் அதை ஐயத்துடன்தான் பார்த்தார்கள். நோபல் பரிசு வந்தது 2011-ல். அதே டென்ட்ரிடிக் செல்களை வைத்து நடந்த இன்னொரு ஆய்வு 2005-ல் ‘இம்யூனிட்டி’ இதழில் வெளியானது. ஆய்வகத்தில் தயாரித்த எம்ஆர்என்ஏவை இந்த செல்கள் அந்நியப் பொருளாக எண்ணி அழற்சியைத் தூண்டின. எம்ஆர்என்ஏவின் கூறுகளில் ஒன்றான யூரிடினுக்குப் பதிலாக அதன் மாற்று வடிவமான சூடோயூரிடினை வைத்தபோது அந்தக் கொந்தளிப்பு அடங்கியது. கோவிட் எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளுக்கு அடித்தளம் இதுதான். ஆனால், வெளியான காலத்தில் இதை அதிகம் பேர் கவனிக்கவில்லை. இந்த ஆய்வை முன்னின்று நடத்திய இருவரில் ஒருவர், நிதி கிடைக்காமல் 1995-லேயே பதவி இறக்கப்பட்டவர். இருவருக்கும் நோபல் பரிசு 2023-ல் வந்தது.

மேற்கோள் என்பது ஒரு துறையில் ஏற்கெனவே கூட்டம் இருந்தால்தான் சேரும். புதிய கேள்வி கேட்பவருக்குத் தொடக்கத்தில் கூட்டம் இருக்காது. இதழ்களை எடை போடும் இம்பாக்ட் ஃபாக்டர் கணக்கிடப்படுவதோ, அவற்றின் முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகளுக்குக் கிடைத்த மேற்கோள்களை வைத்து. ஒரு புதிய கட்டுரையைப் படித்த இன்னொருவர் அதைச் சோதிக்க எலியில் ஒரு மரபணுவை நீக்கி, அதன் விளைவைத் தலைமுறை தலைமுறையாகப் பார்ப்பதற்கே அந்த இரண்டு ஆண்டுகள் போய்விடும். எனவே, முனைவர் பட்டம் முடித்து நிலையான வேலை தேடும் இளைஞருக்கு இந்த எண்கள் சொல்லாமல் சொல்லும் பாடம் ஒன்றுதான்: எல்லோரும் ஓடும் பக்கம் ஓடு, ஓர் ஆய்வை நான்கு கட்டுரைகளாக வெட்டு, சீக்கிரம் மேற்கோள் கிடைக்கும் மறுஆய்வுக் கட்டுரைகளை எழுது. இதனால் கேட்கப்படாமலே போகும் கேள்விகள் எந்தப் பட்டியலிலும் பதிவாவதில்லை. அதுதான் பெரிய இழப்பு.

எண்ணை எடுத்துவிட்டால் சாதியும் சிபாரிசும் அந்த இடத்தில் வந்து உட்காரும் என்பார்கள். அந்த அச்சம் நியாயமானது; நம் நாட்டில் இன்னும் நியாயமானது. ஆனால், எண்ணும் சிபாரிசுக்கு அப்பாற்பட்டதல்ல. ஒருவர் தன் கட்டுரைகளைத் தானே மேற்கோள் காட்டலாம், நண்பர்கள் ஒருவரையொருவர் காட்டிக்கொள்ளலாம், பெரிய குழுவில் பெயர் மட்டும் சேரலாம். பாரபட்சத்தைத் தடுக்கும் வழி, தேர்வுக் குழு தன் முடிவுக்கான காரணத்தை எழுத்தில் தருவது. 2012-ல் சான்பிரான்சிஸ்கோவில் உருவான ஆராய்ச்சி மதிப்பீட்டுப் பிரகடனம், இதழின் இம்பாக்ட் ஃபாக்டரை வைத்து ஆய்வாளரை எடை போடக் கூடாது, கட்டுரையின் உள்ளடக்கத்தைப் பார்க்க வேண்டும் என்றது. அதை நடைமுறைப்படுத்துவது கடினமல்ல. விண்ணப்பதாரர் தன் சிறந்த மூன்று கட்டுரைகளைத் தரட்டும். துறை அறிந்த இருவர் அவற்றை முழுதாகப் படித்து, எது புதிது, எந்தச் சோதனை அதை நிறுவுகிறது என்று ஒரு பக்கம் எழுதட்டும். மேற்கோள் எண்ணிக்கையை அதற்குப் பிறகு பார்க்கலாம். மூன்று கட்டுரைகளைப் படிக்க நேரமில்லாத குழுவுக்கு ஒருவரின் முப்பது ஆண்டு ஆய்வு வாழ்க்கையைத் தீர்மானிக்கும் உரிமை இல்லை.