தேயிலைத் தூரில் கிடந்த தோட்டா



போன மாதம் ஒரு நாள், இயற்பியல் பாடம் தொடங்குவதற்கு முன்பு, படிவம் நான்கு மாணவன் ஒருவன் என் மேசைமேல் ஒரு பொருளைக் கொண்டுவந்து வைத்தான். விரல் நீளத்தில் சிவப்பு நெகிழிக் குழாய், அடியில் பித்தளைத் தொப்பி. "சார், தேயிலைத் தூர்ல கிடந்துச்சு. தோட்டாதானே?"

தோட்டாதான். நல்ல வேளையாகக் காலித் தோட்டா. அதன் வாய் பூப்போல விரிந்திருந்தது. அடிப்பாகத்தின் நடுவில் ஊசி குத்திய சிறு பள்ளம் தெரிந்தது. கேமரன் மலையில் தேயிலை முடிந்து காடு தொடங்கும் ஓரங்களில் நடப்பவர்கள் கண்ணில் இது எப்போதாவது படும். உங்கள் கண்ணில் பட்டால் தொடாதீர்கள். சுட்டதா, சுடாததா என்பது பார்த்தவுடன் எல்லாருக்கும் தெரியாது. பெரியவர்களிடம் இடத்தைக் காட்டுங்கள். நம் நாட்டின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிக்கு மட்டுமன்றி, சுடாத ஒரே ஒரு தோட்டாவுக்கும் உரிமம் வேண்டும். அன்று மாலையே அவனுடைய அப்பாவுடன் போய் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டோம்.

ஆனால் அவன் கேட்ட கேள்வி என்னிடமே தங்கிவிட்டது. ரிங்லெட் பக்கம் அவன் மாமா காய்கறித் தோட்டம் வைத்திருக்கிறார். காட்டுப்பன்றியை விரட்ட உரிமம் பெற்ற பழைய துப்பாக்கி ஒன்று அவரிடம் உண்டு. அதைக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் விசையை இழுத்தால் அடுத்த தோட்டா தானாக வந்து நிற்கும் அரைத் தானியங்கி ஒன்றை வாங்க நினைக்கிறாராம். "வாத்து, காட்டுக்கோழி சுடுறதுக்கும் அதுதான் நல்லதாம் சார். ஆளுக்கொரு பேர் சொல்றாங்க. எதுதான் மக்கர் பண்ணாது?"

நான் துப்பாக்கி பிடித்தவனில்லை. பிடிக்கும் ஆசையும் இல்லை. ஆனாலும் "அதெல்லாம் உனக்கெதற்கு" என்று சொல்ல மனம் வரவில்லை. ஏனென்றால் அவன் கேட்டது உங்கள் பாடநூலில் உந்தம் என்ற தலைப்பில் இருக்கும் கேள்வி.

பறவை வேட்டைக்கான துப்பாக்கியில் ஒற்றைக் குண்டு கிடையாது. அந்தச் சிவப்புக் குழாய்க்குள் உப்புமா ரவையைவிடப் பெரிய உலோக மணிகள் இருநூறுக்கு மேல் இருக்கும். அவற்றையும் ரவை என்றுதான் சொல்வார்கள். ரவைக்குப் பின்னால் ஒரு தக்கை, தக்கைக்குப் பின்னால் வெடிமருந்து. மருந்து எரிந்து வாயுவாகிறது. வாயு தக்கையைத் தள்ளுகிறது. தக்கை ரவையைத் தள்ளுகிறது.

இதே ஏற்பாடு நம் மலையில் வெடிமருந்து வருவதற்கு முன்பே இருந்தது. செமாய் பூர்வக்குடியினரின் ஊதுகுழலைப் பார்த்திருப்பீர்கள். ஓர் ஆள் உயரத்துக்கும் மேல் நீளமான மூங்கில் குழாய். அம்பின் பின்பக்கம் மென்மையான நாரைத் திணித்து ஊதுவார்கள். அந்த நார்தான் தக்கை. காற்று பக்கவாட்டில் கசியாமல் முழு அழுத்தமும் அம்பின்மேல் விழச் செய்வது அதுதான். அம்பு நுனியில் தடவும் நஞ்சு ஈப்போ மரத்தின் பால். ஈப்போ நகரின் பெயர் அந்த மரத்திலிருந்து வந்தது.

பன்னிரண்டு என்றால் என்ன?

மாமா வாங்க நினைப்பது '12 போர்' துப்பாக்கி. பன்னிரண்டு மில்லிமீட்டரா? இல்லை. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், அதில் ஓர் உருண்டை எந்தக் குழாயில் சரியாக நுழையுமோ அந்தக் குழாய்தான் 12 போர். கணக்குப் போடுங்கள். ஒரு பவுண்டு 453.6 கிராம், அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு 37.8 கிராம். ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம். அப்படியானால் உருண்டையின் கன அளவு 3.33 கன சென்டிமீட்டர். கோளத்தின் சூத்திரத்தில் போட்டால் விட்டம் 18.5 மில்லிமீட்டர் என்று வரும். குழாயின் உண்மையான அளவும் அதுவே. எண் கூடினால் குழாய் சிறுக்கும் என்ற குழப்பமும் இதோடு தீர்ந்தது: 20 போர் என்றால் ஒரு பவுண்டில் இருபது உருண்டைகள்.

இப்போது உந்தம். 32 கிராம் ரவை நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது என்று வைப்போம். 0.032 × 400 = 12.8 கிலோகிராம் மீட்டர்/நொடி. முன்னால் போகும் உந்தத்துக்குச் சமமாகப் பின்னால் ஓர் உந்தம் வந்தாக வேண்டும். துப்பாக்கியின் எடை 3.2 கிலோ என்றால், அது நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் தோளை நோக்கிப் பாயும். (வாயுவின் உந்தத்தை விட்டுவிட்டேன், சேர்த்தால் இன்னும் கூடும்.) ஆற்றலையும் பாருங்கள்: ரவைக்கு 2560 ஜூல், துப்பாக்கிக்கு 25.6 ஜூல். உந்தம் சமம், ஆற்றலோ நூற்றுக்கு ஒன்று. தேர்வில் பலர் வழுக்கி விழும் இடம் இது.

அந்த 25 ஜூல் வீணாகத் தோளில் இடிப்பானேன், அதைக் கொண்டே காலித் தோட்டாவை வெளியே தள்ளி அடுத்ததை உள்ளே ஏற்றினால் என்ன என்று கேட்டவர் ஜான் பிரவுனிங் என்ற அமெரிக்கர். 1900-இல் காப்புரிமை பெற்றார். அவருடைய துப்பாக்கியில் சுட்டவுடன் குழலும் பின்கதவும் சேர்ந்தே பின்னால் ஓடும். பிறகு குழல் மட்டும் முன்னால் திரும்பும். அந்த இடைவெளியில் காலித் தோட்டா வெளியேறும். அமெரிக்க நிறுவனம் ஒன்றிடம் இதை விற்கப் போய்க் காத்திருந்த வேளையில், 1902 ஜனவரியில், அதன் தலைவர் மாரடைப்பால் இறந்துபோனார். பிரவுனிங் கப்பலேறிப் பெல்ஜியத்துக்குப் போய் அங்கே தயாரிக்க வைத்தார். ஏறத்தாழ நூறு ஆண்டு அந்தத் துப்பாக்கி செய்யப்பட்டது.

அதில் ஒரு சிக்கல் உண்டு. ஓடிவரும் குழலின் வேகத்தைத் தணிக்க உள்ளே ஓர் உராய்வு வளையம் இருக்கும். கனத்த தோட்டாவுக்கு அதை ஒரு விதமாகவும், இலேசான தோட்டாவுக்கு வேறு விதமாகவும் மாற்றிப் போட வேண்டும். மறந்தால், இலேசான தோட்டாவில் கதவு முழுதாகத் திறக்காமல் சிக்கும். கனத்த தோட்டாவில் உலோகம் உலோகத்தோடு மோதிக் கட்டை விரிசல் விடும்.

பின்னால் வந்தவர்கள் வேறு இரண்டு வழிகளைக் கண்டார்கள். ஒன்று வாயு வழி. குழலில் சிறு துளையிட்டு, எரிந்த வாயுவில் கொஞ்சத்தைத் திருப்பி ஓர் உந்துதண்டைத் தள்ளச் செய்வது. மோட்டார் சைக்கிள் இயந்திரத்தில் பிஸ்டன் ஓடுவது போலத்தான். கதவு பின்னால் ஓடிவரும் நேரமெல்லாம் உதை பரவிப் போவதால் தோளில் விழும் இடி மெத்தென்று இருக்கும். உந்தம் அதே 12.8 தான், நேரம் நீண்டதால் விசை குறைந்தது. ஆனால் வாயுவோடு கரியும் வருமே! உந்துதண்டில் கரி படிந்துகொண்டே போகும். துடைக்காமல் விட்டால் ஒரு நாள் நின்றுவிடும்.

மற்றொன்று நிலைம வழி. 1960-களில் இத்தாலியில் உருவானது. பேருந்து சட்டென்று புறப்படும்போது உங்கள் உடல் பின்னால் சாய்கிறதல்லவா? துப்பாக்கி முழுதும் பின்னால் உதைக்கும்போது, உள்ளே இருக்கும் கனத்த கதவுத்துண்டு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். நடுவில் உள்ள முரட்டு விற்சுருள் நசுங்கும். மறுகணம் அது விரிந்து கதவைப் பின்னால் எறியும். கரி உள்ளே போவதில்லை, பாகங்களும் குறைவு. ஆனால் துப்பாக்கி தாராளமாக உதைத்தால்தான் இது வேலை செய்யும். மிக இலேசான தோட்டாவைப் போட்டாலோ, கூடுதல் கனத்தை மாட்டினாலோ சிக்கக்கூடும். எடை குறைந்ததாக இருப்பதால் இடியும் அதிகம்: மேலே போட்ட கணக்கில் 3.2 கிலோவுக்குப் பதில் 2.7 கிலோ வைத்தால் 25 ஜூல் 30 ஜூலாகிவிடும்.

ஆகவே எது நம்பகமானது என்ற கேள்விக்கு ஒரே பெயரில் விடை இல்லை. நீர்நிலை ஓரத்தில் ஒரே இடத்தில் உட்கார்ந்து கனத்த தோட்டா போடும் வாத்து வேட்டைக்காரர், இடி குறைவான வாயு வழியை விரும்புவார். நாள் முழுதும் மேடேறி நடந்து கோழியினப் பறவைகளைத் தேடுபவர், எடை குறைந்த நிலைம வழியை விரும்புவார். அந்த மாணவனுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: எந்தத் தோட்டாவைப் போடப் போகிறார், யார் துடைக்கப் போகிறார்கள் என்று முதலில் மாமாவைக் கேள். கேமரன் மலை ஈரத்தில் இரண்டாவது கேள்வி இன்னும் முக்கியம். குளிரூட்டிய பேருந்திலிருந்து தாப்பாவில் இறங்கியதும் மூக்குக்கண்ணாடி மங்குவது போல, குளிர்ந்த உலோகம் ஈரக்காற்றைத் தொட்டால் நீர் கோத்துக்கொள்ளும். கரியும் நீரும் சேர்ந்த இடத்தில் துரு சும்மா இருக்காது.

படாத ரவை எங்கே போகிறது?

இங்கேதான் நான் அவனிடம் ஒரு கேள்வி கேட்டேன். இருநூறு ரவையில் நாலைந்து பட்டால் பறவை விழும். மிச்சம்?

அவன் யோசிக்கவே இல்லை. "கீழே விழும் சார்."

விழுந்த ரவை ஈயம். கோழி வெட்டும்போது வயிற்றில் மணலும் பொடிக்கல்லும் நிறைந்த ஒரு தடித்த சதைப்பையைப் பார்த்திருப்பீர்கள். பறவைக்குப் பல் இல்லை. அந்தக் கற்கள்தான் அதன் அம்மி. வாத்துகள் சேற்றைக் கிளறிக் கல் பொறுக்கும்போது, விதை என்றோ கல் என்றோ எண்ணி ரவையையும் விழுங்குகின்றன. அம்மி அதை அரைக்கிறது, வயிற்று அமிலம் கரைக்கிறது, ஈயம் இரத்தத்தில் கலக்கிறது. சிறகு தொங்கும். தின்ற இரை கீழே இறங்காது. இரண்டு மூன்று வாரத்தில், இரை நிறைந்த தொண்டையோடு, பட்டினியால் சாகும். ஒன்றிரண்டு ரவையே ஒரு வாத்தைக் கொல்லப் போதும். செத்ததைத் தின்னும் கழுகுக்கும் அதே கதி. மனிதருக்கும் இந்த அளவு ஈயம் பாதுகாப்பானது என்று ஓர் அளவு கிடையாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலை. குறி தவறியதால் தப்பித்துப் பறந்த வாத்தை, தவறிய அதே ரவை பின்னொரு நாளில் கொல்கிறது.

அமெரிக்கா 1991-இல் நாடு முழுதும் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவையைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஈரநிலங்களில் ஈய ரவைக்குத் தடை 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பதிலுக்கு எஃகு ரவை வந்தது. அதன் அடர்த்தி 7.9 அளவில்தான். ஒரே பருமனில் ஈயத்தின் எடையில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு. காற்றின் தடை இரண்டுக்கும் ஒன்றே; நிறை குறைந்ததால் எஃகு சீக்கிரம் வேகமிழக்கும். அதனால் கொஞ்சம் பெரிய மணியாகப் போட வேண்டும், தூரத்தையும் குறைத்துக்கொள்ள வேண்டும். எஃகு கடினமானது; பழைய துப்பாக்கிகளின் குழலைக் கெடுக்கும். மாமா புதிதாக வாங்கத்தான் போகிறார் என்றால், எஃகு தாங்குமா என்பது மக்கர் பண்ணுமா என்பதைவிட நல்ல கேள்வி.

"மலையில எங்க சார் வாத்து?" என்றான் அவன். நியாயம்தான். சீழ்க்கையடித்துப் பறக்கும் பெலிபிஸ் வாத்துகளைத் தாழ்நிலத்து வயல்களிலும் பழைய ஈயக் குட்டைகளிலும்தான் பார்க்கலாம். நம் மலையில் இருப்பவை கோழியினம். அவற்றில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது: மலை மயில்கோழி. வாலில் சின்னச் சின்னக் கண்கள் கொண்ட கருஞ்சிவப்புப் பறவை. தீபகற்ப மலேசியாவின் மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. நமது 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விலங்குகளை இரண்டாகப் பிரிக்கிறது: உரிமம் பெற்று வேட்டையாடக்கூடியவை, முழுப் பாதுகாப்பு பெற்றவை. மயில்கோழி இரண்டாம் வகை. துப்பாக்கிக்குக் காவல்துறை தந்த உரிமம், பறவையைச் சுட உரிமம் ஆகாது; அதற்கு வனவிலங்குத் துறையிடம் தனியாகப் போக வேண்டும். பன்றி விரட்டத் துப்பாக்கி வாங்குபவர் "கோழியும் சுடலாம்" என்று சேர்த்துக்கொள்வது எனக்குப் பிடிக்கவில்லை. அதை அவனிடம் மறைக்கவும் இல்லை.

கோழியினம் எல்லாமே கல் பொறுக்கும். தேயிலைச் சாலையோரம் விடியலில் காட்டுக்கோழி கொத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். இன்னொன்று, தேயிலை அமில மண்ணில் வளரும் செடி. அமில மண்ணில் ஈயம் விரைவாகக் கரையும். நம் மண் எவ்வளவு அமிலம் என்று வகுப்பில் கேட்டேன். ஆளுக்கோர் எண் சொன்னார்கள்.

மறுவாரம் அந்த மாணவன் இரண்டு செய்திகளோடு வந்தான். மாமா வீட்டுத் தோட்டாப் பெட்டியைத் தொடாமல், அவரையே படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறான்: 12 போர், 32 கிராம், ஈயம். இரண்டாவது, ஒரு மைலோ டின் நிறைய மண். தோட்டா கிடந்த அதே தூரிலிருந்து. வடிநீரில் கலக்கித் தெளியவிட்டு, பொதுநிறங்காட்டித் தாளை நனைத்தோம்.

தாள் ஆரஞ்சு நிறமானது.