கணினிக் கூடமும் கொள்ளளவுத் திட்டமும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், சிறுபோக விதைப்புக்கு முன்னர்ப் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுதல் வழக்கம். உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் முதலிய குளங்களில் எத்துணை நீர் நிற்கின்றது என்பதை நீர்ப்பாசனப் பொறியியலாளர் எடுத்துரைப்பர். அந்நீர் எத்தனை ஏக்கருக்குப் போதும், எந்தக் கண்டத்துக்கு இம்முறை நீர் இல்லை, மதகு எந்நாளில் திறக்கப்படும் என்பன அங்கே தீர்மானிக்கப்படும். 1946ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் இத்தகைய கூட்டத் தீர்மானங்களுக்கு வலிமை அளித்துள்ளது. குளத்தின் கீழுள்ள காணி முழுவதற்கும் கோடையில் ஒருங்கே நீர் பாய்ச்சுதல் இயலாது என்பது போடியாருக்கும் வட்டை விதானைக்கும் நன்கு தெரியும். ஆதலால் நிற்கும் நீரை அளந்து, வேண்டும் நீரைக் கணித்து, எதிர்பாராத வறட்சிக்கென ஒரு பங்கை ஒதுக்கிய பின்னரே விதைப்புக்கு இசைவு தரப்படுகின்றது.

இதே வினா, நீரும் வயலும் இல்லாத வேறோரிடத்தில் இன்று எழுந்துள்ளது. பல்கலைக்கழகம், வைத்தியசாலை, வங்கி, அரச திணைக்களம் ஆகியவற்றினுள்ளே குளிரூட்டப்பட்டதோர் அறையில், வழங்கிகள் எனப்படும் ஆற்றல் மிக்க கணினிகள் அடுக்கப்பட்டிருக்கும். அவ்வறையே தரவு மையம். முன்னர் ஒரு பணிக்கு ஒரு வழங்கி என்பதே முறை. நூலகப் பட்டியலுக்கு ஒன்று, மாணவர் பதிவுக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று என வாங்கப்பட்ட இயந்திரங்களுட் பல, நாளின் பெரும்பொழுதை வாளாவிருந்தே கழித்தன. மெய்நிகராக்கம் என்னும் நுட்பம் இந்நிலையை மாற்றியது. ஓர் இயந்திரத்தின் கணிப்பாற்றலையும் நினைவகத்தையும் பங்கிட்டு, ஒவ்வொரு பணியும் தனக்கெனத் தனி இயந்திரம் இருப்பதாகவே கொண்டு இயங்கும்படி செய்வது அது. ஐபிஎம் நிறுவனம் 1960களிலேயே இதனைக் கையாண்டு, 1972இல் விஎம்/370 என்னும் பெயரில் விற்பனைக்கு விட்டது. 1998இல் தோன்றிய விஎம்வேர் நிறுவனம் அதனைச் சிறு கணினிகளுக்கும் கொணர்ந்தது. 2007இல் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவிலேயே கேவிஎம் என்னும் பெயரால் அது இடம்பெற்றது.

பங்கீடு வந்தவுடன் வாக்குறுதியும் வந்தது. மெய்நிகர் வழங்கி ஒவ்வொன்றுக்கும் இத்தனை கணிப்பகம், இத்தனை நினைவகம் என ஏட்டில் எழுதித் தருவது எளிது. எல்லாப் பணிகளும் ஒரே கணத்தில் முழுப் பங்கையும் கேளா என்ற நம்பிக்கையால், உள்ளதற்கு மேலாகவே வாக்களிக்கப்படும். இது ஏமாற்று அன்று. மெய்நிகராக்கத்தின் சிக்கனம் இதில்தான் உளது. ஆயினும் எவ்வளவுக்கு மேலாக வாக்களிக்கலாம் என்பதற்கு அளவு வேண்டும். அவ்வளவைக் கண்டறிந்து கூறவே கொள்ளளவுத் திட்டமிடல் மென்பொருள் நிறுவப்படுகின்றது.

ஓர் எடுத்துக்காட்டினால் இதனை விளக்கலாம். நான்கு வழங்கிகள் கொண்ட ஒரு கூடத்தைக் கொள்க. ஒவ்வொன்றிலும் 32 கணிப்புக் கருக்களும் 256 கிகாபைட் நினைவகமும் உள்ளன. மொத்தம் 128 கருக்கள், 1,024 கிகாபைட். பார்வைக்கு இது பெருஞ்செல்வம். ஆனால் நான்கில் ஒன்று பழுதுற்றால் அதன் சுமையை ஏனைய மூன்றும் தாங்குதல் வேண்டும். ஆகவே மெய்யாக வாக்களிக்கத்தக்கவை 96 கருக்களும் 768 கிகாபைட்டுமே. அக்கூடத்தில் 300 மெய்நிகர்க் கருக்களும் 900 கிகாபைட் நினைவகமும் பங்கிடப்பட்டிருப்பின், கருவின் விகிதம் ஒன்றுக்கு மூன்று என்ற அளவில் நிற்கும். இது பொதுவாகத் தாங்கத்தக்கதே. கணிப்பகம் கணந்தோறும் கைமாறக் கூடியது. நினைவகமோ அவ்வாறு எளிதிற் கைமாறாது. பணிகள் தம் பங்கை நிரப்பியிருக்கும் வேளையில் ஒரு வழங்கி வீழ்ந்தால் 132 கிகாபைட் குறைவுபடும். சில பணிகள் மீண்டும் எழா. இக்கணக்கு ஒரு தாளிலே போடத்தக்கதுதான். ஆனால் பணிகள் ஏட்டிற் பெற்ற பங்கில் எவ்வளவை மெய்யாக உண்கின்றன என்பதைத் தாளிலே காண இயலாது. அதற்கு இடையறாத அளவை வேண்டும்.

அளவையிலேதான் பெரும்பிழை நேர்கின்றது. விஎம்வேர் முறையில் கூடத்தை ஆளும் விசென்டர், 20 நொடிக்கு ஒருமுறை அளந்த எண்களை ஒரு மணி நேரமளவே வைத்திருக்கும். பின்னர் அவற்றை ஒரு நாளளவுக்கு 5 நிமிடச் சராசரியாகவும், ஒரு வாரத்துக்கு 30 நிமிடச் சராசரியாகவும், ஒரு மாதத்துக்கு 2 மணிச் சராசரியாகவும், ஓராண்டுக்கு ஒரு நாட் சராசரியாகவும் சுருக்கிக்கொண்டே போகும். பரீட்சைப் பெறுபேறு வெளியான நாளில், ஒரு வழங்கி பத்து நிமிடம் நூற்றுக்கு நூறு விழுக்காடு உழைத்துத் திணறிற்று என்க; மற்றைப் பொழுதெல்லாம் 8 விழுக்காடே உழைத்தது. 5 நிமிடக் கணக்கில் அந்த நூறு அப்படியே தோன்றும். 30 நிமிடக் கணக்கில் அது 38.7 ஆகும். 2 மணிக் கணக்கில் 15.7. ஒரு நாட் கணக்கிலோ 8.6 விழுக்காடு மட்டுமே. மாணவர் ஆயிரவர் பெறுபேறு காணாது தவித்த அந்நாள், அடுத்த ஆண்டில் ஏட்டைப் புரட்டுவோர்க்கு ஏனைய நாட்களோடு ஒத்த அமைதியான நாளாகவே தோன்றும். வெள்ளம் பாய்ந்த நாளின் வாவி மட்டத்தை ஆண்டுச் சராசரியிலே தேடுவதும் இத்தகையதே.

நூறு விழுக்காட்டை எட்டிய பின்னரே இடர் தொடங்கும் என்று கருதுதலும் தவறு. கொப்பன்கேகன் தொலைபேசிக் கம்பனியிற் பணியாற்றிய எர்லாங் என்பவர் 1909இல் தொலைபேசி அழைப்புகளைப் பற்றி எழுதிய ஆய்விலிருந்து வரிசைக் கோட்பாடு வளர்ந்தது. அதன் மிக எளிய வாய்பாட்டின்படி, பாதியளவு சுமையில் ஒரு வேலை முடிவதற்கு இயல்பினும் இரு மடங்கு நேரமாகும். 80 விழுக்காட்டில் ஐந்து மடங்கு. 90 விழுக்காட்டில் பத்து மடங்கு. 95 விழுக்காட்டில் இருபது மடங்கு. உண்மைக் கூடம் இவ்வாய்பாட்டுக்கு முற்றும் அடங்கி நடப்பதன்று எனினும், வளைவின் போக்கு இதுவே. பத்து விழுக்காடு மிச்சமிருக்கின்றது என மகிழும் நிருவாகி, வாயிலிலே நிற்கும் வரிசையைக் கண்டிலர்.

இனி மென்பொருளை நிறுவும் முறையை நோக்கலாம். விரியலைஸ் ஒப்பரேஷன்ஸ் என வழங்கி, 2022இல் ஆரியா ஒப்பரேஷன்ஸ் எனப் பெயர் மாறி, பின்னர் விசிஎப் ஒப்பரேஷன்ஸ் ஆகிய மென்பொருள் இத்துறையிற் பெரிதும் அறியப்பட்டது. அதுவும் ஒரு மெய்நிகர் வழங்கியாகவே வந்து அமர்கின்றது. சிறிய அளவிலான வடிவுக்கு 4 மெய்நிகர்க் கணிப்பகமும் 16 கிகாபைட் நினைவகமும் வேண்டும். நெல்லை அளக்க வந்த மரக்காலும் களத்தில் இடம் பிடிப்பது போல, அளக்கும் கருவியின் பங்கையும் கணக்கிற் சேர்த்தல் தகும். இயலுமாயின் அதனைத் தான் அளக்கும் கூடத்துக்குப் புறத்தே வைத்தல் நன்று. கூடம் திணறும்போது கருவியும் உடன் திணறினால், வேண்டிய வேளையில் எண் கிடையாது.

முதலில் சரிபார்க்க வேண்டுவது நேரம். வழங்கிகளின் கடிகாரங்கள் ஒன்றோடொன்று ஒவ்வாவிடின், ஒன்றில் நிகழ்ந்த சுமையும் மற்றொன்றில் அதனால் எழுந்த தாமதமும் வெவ்வேறு வேளையினவாகப் பதிவுறும். அடுத்து, பெயரிலிருந்து முகவரியையும் முகவரியிலிருந்து பெயரையும் ஒருபடித்தாகக் காணக்கூடியதாய்ப் பெயர்ச் சேவை அமைதல் வேண்டும். பின்னர், விசென்டரோடு பேசுதற்கென ஒரு தனிக் கணக்கு உருவாக்கப்படும். அளப்பதற்கு அதற்குப் பார்க்கும் உரிமை மட்டும் போதும். அவசரத்தின் பொருட்டு முழு அதிகாரமுள்ள கணக்கையே கொடுத்துவிடும் வழக்கம் பல இடங்களில் உளது. களவாடப்பட்டால் கூடம் முழுவதையும் திறந்துவிடும் திறவுகோல் அது. இவை முடிந்தபின் 5 நிமிடத்துக்கு ஒருமுறை எண்கள் வந்து சேரத் தொடங்கும். இயல்பான அமைப்பில் அவை ஆறு மாதம் வரை சுருக்கமின்றிக் காக்கப்படும். மேற்கூறிய சராசரிக் குற்றத்துக்கு இதுவே மருந்து. ஆறு மாதமும் கல்வியாண்டு ஒன்றுக்குப் போதாது ஆகையால், அக்காலத்தை முதல் நாளிலேயே நீட்டிவைத்தல் அறிவுடைமை.

இவ்வளவும் ஒரு முற்பகலில் முடியும் வேலை. ஆனால் அன்று பிற்பகலே கருவி தரும் அறிக்கையை நம்பிக் கொள்வனவுக்குக் கையொப்பமிடுதல் பேதைமையாகும். விடுமுறைக் காலத்தில் அளந்த எண்ணுக்குப் பதிவுக் காலம் தெரியாது. பதிவுக் காலத்தில் அளந்ததற்குப் பரீட்சைக் காலம் தெரியாது. 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வந்தாறுமூலை நிறுவனம் போன்ற எதற்கும், பதிவு, பாடப்பருவம், பரீட்சை, பெறுபேறு ஆகிய போகங்கள் உள. அனைத்தையும் ஒருமுறையேனும் கண்ட பின்னரே கருவியின் எதிர்வுகூறல் மதிக்கத்தக்கது. கண்டிராத பருவமும் வரக்கூடும். 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் இலங்கைப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, விரிவுரைகள் யாவும் சில நாட்களில் இணையவழிக்கு மாறின. அதற்கு முன்னைய ஆண்டுகளின் எந்த வரைபடமும் அச்சுமையைக் காட்டியிருக்காது. ஆகவேதான் ‘இவ்வாறாயின் என்னாகும்’ என்று வினவும் பகுதி இம்மென்பொருளில் அமைக்கப்பட்டுள்ளது. மாணவர் தொகை இரட்டித்தால், ஒரு வழங்கி நீங்கினால், புதியதொரு பணி சேர்ந்தால் எத்தனை நாளில் இடம் தீரும் என்பதை அங்கே முன்னரே பார்த்துக்கொள்ளலாம்.

கருவியின் முதற்பயன் பெரும்பாலும் வாங்குவதில் அன்று, மீட்பதிலேயே வெளிப்படும். ஒருகால் யாரோ ஒருவரின் ஆய்வுக்காக அமைத்து, அவர் பட்டம் பெற்றுச் சென்றபின்னும் இயங்கிக்கொண்டிருக்கும் மெய்நிகர் வழங்கி. எட்டுக் கணிப்பகம் கேட்டு வாங்கி ஒன்றையும் நிரப்பாத பணி. ஓரிரவுக்கென எடுத்து ஆண்டுக்கணக்கில் அழிக்க மறந்த நிலைப்பதிவு என இவை பட்டியலாக வெளிவரும். விதையாத வயலுக்கும் வாய்க்காலில் நீர் விடுவதை ஒக்கும் இது. ஆயினும் பட்டியலிலுள்ள அனைத்தையும் உடனே நீக்கிவிடலாகாது. ஆண்டில் ஒருநாள் மட்டும் விழித்தெழும் கணக்காய்வுப் பணியும் அப்பட்டியலில் ‘வீண்’ என்றே குறிக்கப்பட்டிருக்கும்.

பொருட்செலவும் புறக்கணிக்கத்தக்கதன்று. 2023 நவம்பரில் விஎம்வேரை புரோட்கொம் நிறுவனம் வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர உரிமங்களின் விற்பனை நிறுத்தப்பட்டு, கணிப்புக் கருக்களின் எண்ணிக்கைப்படி சந்தா செலுத்தும் முறை வந்தது. பல சிறு நிறுவனங்கள் புறொக்ஸ்மொக்ஸ் போன்ற திறந்த மூல அமைப்புகளை நாடலாயின. அவற்றுக்குச் சபிக்ஸ், புறொமீதியஸ், கிரபானா ஆகிய கருவிகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவை எண்ணைச் சேர்த்துத் தரும். தீர்ப்பை அமைத்துத் தாரா. வரம்புகளையும் விதிகளையும் வகுப்பதற்குப் பயின்ற ஒருவரின் உழைப்பு வேண்டும். கட்டணம் கருக்களுக்கென்றாகிவிட்ட நிலையில், அளந்து குறைத்த ஒவ்வொரு கருவும் பணமாகும் என்பதும் கருதத்தக்கது.

கொள்ளளவு என்பது கணிப்பகமும் நினைவகமும் மட்டுமல்ல. காப்புப் பிரதிக்குரிய இடமும் அதனுள் அடங்கும். இதனை மறந்தமையின் விளைவு அண்மையிலேயே காணப்பட்டது. 2023 ஆகத்து மாத இறுதியில் இலங்கை அரச மேகக் கணினிச் சேவை, பணயம் கேட்கும் தீநிரலால் தாக்குண்டது. அரச மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ 5,000 பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகத்து 26 வரையிலான தரவுகள் மீளவில்லை. இணைப்பிலிருந்த காப்புப் பிரதியும் உடன் பூட்டப்பட்டது. அக்காலத்துக்கு இணைப்பறுத்து வைத்த பிரதி இருந்திலது. நிதிக் குறைவால் மின்னஞ்சல் மென்பொருள் புதுப்பிக்கப்படாமையும் காரணமாகக் கூறப்பட்டது. செல்வமிக்க தென்கொரியாவும் விதிவிலக்காகவில்லை. 2025 செப்டெம்பர் 26இல் டேஜோன் நகரின் அரச தரவு மையத்தில் மூண்ட தீயால் அறுநூறுக்கு மேற்பட்ட சேவைகள் நின்றன. அரச ஊழியரின் கோப்புகள் இருந்த 858 டெராபைட் சேமிப்பகம் அழிந்தது. அளவு மிகப் பெரிது என்ற காரணத்தாலேயே அதற்கு வெளிப் பிரதி எடுக்கப்பட்டிருக்கவில்லை. ஒன்றை வைத்திருக்க இடமுண்டு, அதன் பிரதிக்கு இடமில்லை என்னும் கணக்கு, தொடக்கத்திலேயே பிழைபட்ட கணக்கு.

வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மட்டக்களப்பு நிலத்தில் இக்கணக்குக்கு இன்னொரு கூறும் உளது. 1978 நவம்பர் 23இன் சூறாவளி, 2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலை, 2011 ஜனவரியின் பெருவெள்ளம் ஆகிய மூன்றும் ஒரு தலைமுறைக் காலத்துக்குள் இங்கு நிகழ்ந்தவை. உப்பு ஈரம் நிறைந்த காற்று உலோகத்தை அரிக்கும். மின்வெட்டில் குளிரூட்டி நின்றால் அறையின் வெப்பம் விரைந்தேறும். ஆதலால் மின்கலத்தின் தாங்கு நேரமும் மின்பிறப்பாக்கியின் எரிபொருளும் குளிரூட்டியின் வலுவும் கொள்ளளவு அறிக்கையிலே இடம்பெற வேண்டியனவே. பிரதியைத் திருகோணமலையில் வைப்பதாயினும், அதுவும் அதே கீழ்க்கரையிலேயே உளது என்பதை நினைதல் வேண்டும்.

அறிக்கை ஆயத்தமான பின்னர் அதனைப் படித்துத் தீர்மானிக்க வேண்டியவர் கணினிப் பொறியியலாளர் மட்டுமல்லர். நூலகர், பரீட்சைப் பிரிவினர், பீடங்களின் தலைவர், நிதியாளர் யாவரும் பருவத்துக்கு ஒருமுறை கூடி, இவ்வளவே இருக்கின்றது, இன்ன பணிக்கு இவ்வளவு, இன்னது அடுத்த ஆண்டுக்கு என முடிவு செய்து, அம்முடிவை எழுத்திலே இடுதல் வேண்டும். உன்னிச்சைக் குளத்து நீர் வயலுக்கு மட்டுமன்றி மட்டக்களப்பு மக்களின் குடிநீருக்கும் செல்கின்றது. ஆகவே விதைப்புக்குரிய ஏக்கரைக் கணிக்குமுன்னர்க் குடிநீரின் பங்கு கழிக்கப்பட வேண்டும். கணினிக் கூடத்தில் அவ்வாறு முதலிற் கழிக்க வேண்டிய பங்கு எது என்னும் வினாவுக்கு எந்த மென்பொருளும் விடை தருவதில்லை. அதனை நிறுவும்போது தோன்றும் கொள்கைப் பக்கத்தில் அதற்குரிய கட்டம், ஒருவர் வந்து நிரப்பும்வரை, விற்பனையாளர் இட்ட எண்ணோடேயே இருக்கும்.