பழைய கோப்புகளைத் திறக்க மடிக்கணினிக்குள் இன்னொரு கணினி

2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டனர். கைக்குண்டு வெடித்தே இறந்தார்கள் என்று படைத்தரப்பு கூறியது. உடல்களில் இருந்தவை துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் என்பதைக் காட்டியவை, 'சுடர் ஒளி' செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள். அதே மாதம் 24ஆம் திகதி அவரும் சுட்டுக்கொல்லப்பட்டார். ஒரு பதிவின் பெறுமதியை இந்த நகரத்துக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் பதிவு கையில் இருந்தும் திறக்க முடியாமற்போகலாம். போர்க்காலத்து முறைப்பாடுகள், வாக்குமூலங்கள், துண்டுப்பிரசுரங்கள், பத்திரிகைப் பக்கங்கள் பல பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சானவை. சில பேஜ்மேக்கரில் வடிவமைக்கப்பட்டவை. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. அது ஓடிய விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசொவ்ட் 2014 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. நல்லிணக்க ஆணைக்குழு, காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தவற்றின் முன் உறவுகள் திரும்பத் திரும்பச் சாட்சியம் சொல்ல நேர்ந்தது. அப்போதெல்லாம் முதல் முறைப்பாட்டின் பிரதி தேவைப்படும். அது இறுவட்டில் இருந்தும் வாசிக்க முடியாவிட்டால் என்ன பயன்?

இதற்குப் பழைய கணினியைத் தேடி அலைய வேண்டியதில்லை. உங்கள் மடிக்கணினிக்குள்ளேயே ஒரு பழைய கணினியை உருவாக்கலாம்.

இது எப்படி வேலை செய்கிறது?

இதை மெய்நிகராக்கம் என்பார்கள். ஒரு மென்பொருள் உங்கள் கணினியின் நினைவகத்திலும் வன்தட்டிலும் ஒரு பங்கை எடுத்து, அதைத் தனிக் கணினி போலக் காட்டும். அதற்குள் நிறுவப்படும் இயங்குதளத்துக்குத் தான் இன்னொரு கணினிக்குள் இருப்பது தெரியாது. அதன் முழு வன்தட்டும் உங்கள் கணினியில் ஒரு பெரிய கோப்பு மட்டுமே. யோசனை புதிதல்ல. 1960களிலேயே ஐபிஎம் நிறுவனம் தன் பெரிய கணினிகளில் இதைச் செய்தது. 2005, 2006 காலத்தில் இன்டெல், ஏஎம்டி சிப்புகளில் இதற்கான வசதி சேர்ந்த பிறகு சாதாரண மடிக்கணினிகளிலும் இது வேகமாக ஓடத் தொடங்கியது.

சந்தேகமான கப்பலை இறங்குதுறைக்கு விடாமல் வெளியே நங்கூரமிட வைப்பது போன்றது இது. பழைய இறுவட்டில் வைரஸ் இருந்தாலும் அது பெரும்பாலும் அந்த உட்கணினியோடு நிற்கும்.

என்ன தேவை?

ஒரக்கிள் நிறுவனத்தின் வேர்ச்சுவல் பொக்ஸ் இலவசமானது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 512 மெகாபைட் நினைவகமும் 10 கிகாபைட் வன்தட்டு இடமும் தாராளம். நிறுவும் இறுவட்டும் உரிமச் சாவியும் உங்களிடம் இருக்க வேண்டும். பழைய கணினியோடு வந்தவற்றை வீசாமல் தேடிப் பாருங்கள். லினக்ஸ் மின்ட் போன்ற புதிய இயங்குதளத்தை உள்ளே ஓட்டுவதானால் மடிக்கணினியில் 8 கிகாபைட் நினைவகம் இருப்பது நல்லது.

உட்கணினி ஓட மறுத்தால் டாஸ்க் மனேஜரைத் திறந்து பாருங்கள். சிபியு பகுதியில் 'வேர்ச்சுவலைசேஷன்' அணைக்கப்பட்டிருப்பதாகக் காட்டினால், பயோஸ் அமைப்புக்குள் சென்று அதை இயக்க வேண்டும்.

செய்யும் ஒழுங்கு

முதலில் இறுவட்டையோ பென் டிரைவையோ அப்படியே பிரதி எடுத்து, மூலத்தைப் பத்திரப்படுத்துங்கள். எக்ஸ்பியை நிறுவியதும் உட்கணினியின் இணைய இணைப்பை அமைப்புகளில் முற்றாக அகற்றிவிடுங்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன இயங்குதளத்தை இணையத்தில் விடக்கூடாது. அடுத்து 'ஸ்னப்ஷொட்' ஒன்று எடுங்கள். ஏதும் பழுதானால் ஒரே சொடுக்கில் அந்த நிலைக்கே திரும்பலாம். அதன்பின் பேஜ்மேக்கரையும் எழுத்துருக்களையும் நிறுவிக் கோப்புகளைத் திறவுங்கள்.

திறந்தவற்றைப் பிடிஎஃப் ஆகவும், எழுத்தை யுனிகோடாகவும் மாற்றி வெளியே எடுத்தால்தான் வேலை முடிந்தது. இங்கே ஒரு எச்சரிக்கை. சாட்சிகளின் பெயர், முகவரி உள்ள பகுதிகளை இணையத்திலுள்ள எழுத்துரு மாற்றிகளில் ஒட்டாதீர்கள். அவற்றில் சில, நீங்கள் ஒட்டுவதை எவருடையதோ சேவையகத்துக்கு அனுப்பக்கூடும். இணையமின்றி ஓடும் மாற்றியைப் பயன்படுத்துங்கள்.

உங்களிடம் இருப்பது வெறும் வேர்ட் கோப்பு என்றால் இவ்வளவு பாடு தேவையில்லை. பாமினி எழுத்துருவை நிறுவி, லிப்ரே ஒபிஸில் திறந்தாலே பெரும்பாலும் வாசிக்கலாம்.

இது காப்பாற்றாதவை

மெய்நிகர்க் கணினி ஒளிப்பிடம் அல்ல. மடிக்கணினி பறிபோனால் அதற்குள் இருப்பதும் சேர்ந்தே போகும். முழு வன்தட்டையும் கடவுச்சொல்லிட்டுக் குறியாக்கம் செய்வதும், வேறோர் இடத்தில் இன்னொரு பிரதி வைப்பதும் தனி வேலைகள். வெளிக்கணினியில் உளவு மென்பொருள் இருந்தால், உட்கணினியில் நீங்கள் தட்டுவதையும் அது பார்க்கும்.

ஐந்து மாணவர் வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும், போதிய சாட்சியம் இல்லையெனக் கூறப்பட்டு 2019இல் விடுவிக்கப்பட்டனர். சாட்சிகள் ஊரைவிட்டுப் போகிறார்கள், பெற்றோர் மூப்படைந்து இறக்கிறார்கள். இறுவட்டுகளும் காலப்போக்கில் பழுதாகின்றன. அலுமாரியில் அப்படியொன்று கிடந்தால், அது இன்னும் வாசிக்கக்கூடியதாக இருக்கும்போதே திறந்து பிரதி எடுத்துவிடுங்கள்.