முதுகில் ஒட்டும் டேப் மூட்டைச் சுமையைத் தாங்குமா?

புதுதில்லி: தில்லிவாழ் தமிழர்களுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட் என்றால் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் மீனும்தான் நினைவுக்கு வரும். அவற்றை வண்டியிலிருந்து இறக்கி, குறுகிய சந்துகள் வழியே கடைகளுக்குக் கொண்டு சேர்க்கும் தொழிலாளர்களின் முதுகைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஈரத் தரையில் குனிந்து மீன் பெட்டியைத் தூக்குவதும், மூட்டையைச் சுமந்தபடியே உடலைத் திருப்புவதும் இடுப்பைப் பதம் பார்க்கும் வேலைகள்.

மார்க்கெட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் சப்தர்ஜங் மருத்துவமனை இருக்கிறது. 2010 காமன்வெல்த் போட்டியையொட்டி, விளையாட்டு வீரர்களின் காயங்களுக்கென்றே தனி சிகிச்சை மையம் அங்கு திறக்கப்பட்டது. அத்தகைய வீரர்களின் உடலில் காணப்படும் வண்ண டேப்தான் இன்று சாதாரண முதுகு வலிக்காரர்களையும் தேடி வந்திருக்கிறது.

ஜப்பானைச் சேர்ந்த கென்சோ காசே 1970-களில் உருவாக்கியது இந்த 'கினிசியோ டேப்'. ரப்பர் போல் நீளும் பருத்தித் துணி, ஒருபுறம் பசை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் உலகின் கண்ணில் பட்டது. நோயாளியை முன்னோக்கிக் குனியச் செய்து, முதுகெலும்பின் இருபுறமும் நீளவாக்கில் ஒட்டுவார்கள். நிமிர்ந்ததும் தோல் லேசாகச் சுருங்கி மேலெழும். அதனால் ரத்த ஓட்டம் சீராகி வலி குறையும் என்பது காசேயின் வாதம். குளித்தாலும் மூன்று, நான்கு நாள்களுக்குத் தாங்கும்.

பலன் உண்டா? 2007-ல் வெளியான ஓர் ஆய்வில், முதுகில் எந்தக் கோளாறும் இல்லாத 30 பேருக்கு டேப் ஒட்டியபோது முன்னால் குனியும் அளவு கூடியது. பின்னால் வளைவதிலும் பக்கவாட்டில் சாய்வதிலும் மாற்றமில்லை. நாள்பட்ட முதுகு வலி உள்ள 148 பேரிடம் பிரேசிலில் நடத்தப்பட்டு, 2014-ல் வெளியான ஆய்வோ, தோல் சுருங்கும்படி இழுத்து ஒட்டினாலும் இழுக்காமல் சும்மா ஒட்டினாலும் பலன் ஒன்றே என்றது. அப்படியானால் காசே சொன்ன காரணமே ஆட்டம் காண்கிறது. குனிவது சற்று எளிதானதாகத் தோன்றினால் தொழிலாளி இன்னும் ஒரு மூட்டையைத் தூக்கத் துணிவார் என்பதையும் மறுப்பதற்கில்லை.

நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் முதன்முறையாக வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. உடற்பயிற்சி, வலி குறித்த விளக்கம், மசாஜ் போன்றவற்றை அது பரிந்துரைக்கிறது. இடுப்புப் பட்டைகளை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. 2020-ல் உலகில் சுமார் 62 கோடிப் பேருக்கு இந்த வலி இருந்ததாகவும் அது கணக்கிட்டுள்ளது.

சுமையைக் குறைப்பது சிகிச்சையில் சேராது. அது அரசின் வேலை. ஆண் தொழிலாளி ஒருவர் 55 கிலோவுக்கு மேல் சுமக்கக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்துவிட்டது. மகாராஷ்டிரம் 1969-லும், கேரளம் 1978-லும், தமிழ்நாடு 1982-லும் சுமைத் தொழிலாளர்களையும் உள்ளடக்கிய உடலுழைப்பாளர்களுக்குத் தனிச் சட்டங்கள் இயற்றின. ஆனால் இ.எஸ்.ஐ. மருத்துவ வசதி பொதுவாக 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கே கட்டாயம். இரண்டு, மூன்று பேரை வைத்து நடக்கும் மீன் கடை அந்தக் கணக்கில் வராது.

எஞ்சியிருப்பது அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவு. அதுவும் காலையில்தான். மார்க்கெட்டில் சரக்கு இறங்கும் நேரமும் அதுவே. வரிசையில் நின்றால் அன்றைய கூலி இல்லை.